சுமை வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா?

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் காவிரி டெல்டாவில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருபவை. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் நெல் களத்தில் கிடக்கும். வானம் கறுத்து நிற்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். மழை கடுமையாக இருந்த சில பருவங்களில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியது உண்டு என்றாலும், அதை நம்பி நெல்லை நனைய விட முடியாது. இந்த அவசரத்தில் நெல் ஏற்றிய வண்டி வாய்க்கால் கரையில் அச்சு வரை புதைந்து போனால், அந்த வீட்டின் ஒரு போக உழைப்பே தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடத் தொடங்கிவிடும்.

டிராக்டரைக் கொண்டுவந்து வண்டியை இழுத்துப் போட்ட அன்றே, "சின்ன டயரால்தான் இந்தத் தொல்லை, பெரிய டயராகப் போட்டுவிட வேண்டும்" என்ற எண்ணம் பலருக்கும் பிறக்கிறது. டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய சமயமாகவும் இருந்துவிட்டால், கடையில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இது சரியான முடிவுதானா? பெரிய டயர் எதைத் தரும், எதைப் பறித்துக்கொள்ளும் என்று பணத்தை எடுப்பதற்கு முன் கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. வாடகைக்கு வண்டி பிடிப்பவர்களும் இந்தக் கணக்கை அறிந்திருந்தால் நஷ்டப்பட மாட்டார்கள்.

மரச் சக்கரமும் டயர் சக்கரமும்

சக்கரத்தைப் பற்றி டெல்டா விவசாயிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரும்புப் பட்டை அடித்த மரச் சக்கர வண்டி ஈரக் களிமண்ணில் கத்தி போல இறங்கும். அதே மாடுகளை டயர் வண்டியில் பூட்டினால் கூடுதல் பாரத்தை இழுக்கும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ்.ராமசாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று 1970களிலும் அதற்குப் பின்னரும் வலியுறுத்தி வந்தார். மாட்டின் கழுத்து வலியைக் குறைப்பதும் வண்டி இலகுவாக ஓடுவதும் அவருடைய நோக்கம்.

2005ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் "குட்டி யானை". அதற்குச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் கிராமங்களுக்குள் வந்து சேர்ந்தன. நெல், வைக்கோல், உரம், வாழைத்தார், தேங்காய் எல்லாம் இன்று இவற்றில்தான் போகின்றன. ஆனால் இந்த வண்டிகள் சாலைக்காகச் செய்யப்பட்டவை, வயலுக்காக அல்ல. டயரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. உதாரணமாக, 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது டயரின் பக்க உயரம். அகலத்தில் 75 சதவிகிதம் என்று பொருள். ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதிலிருந்து முழு டயரின் உயரத்தைக் கணக்கிடலாம். 15 அங்குல ரிம் என்றால் 381 மி.மீ. பக்க உயரம் 161 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு முறை சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 703 மி.மீ. இதே முறையில் 235/75 ஆர் 15 டயரைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 733 மி.மீ. வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 மி.மீ.; அதாவது 4 சதவிகிதத்துக்குச் சற்று அதிகம்.

அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். இந்த எண்தான் பாரக் குறியீடு. 80 என்றால் அந்த டயர் தாங்குவது 450 கிலோ. 85 என்றால் 515 கிலோ. 90 என்றால் 600 கிலோ. 95 என்றால் 690 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 105 என்றால் 925 கிலோ. 100/98 என்பது போல இரண்டு எண்கள் இருந்தால், முதல் எண் தனிச் சக்கரத்துக்கு, இரண்டாவது எண் இரட்டைச் சக்கரத்துக்கு. எழுத்து வேகத்தைக் குறிக்கும். எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை, என் என்றால் 140 வரை.

சுமை வண்டி டயர்களில் 6 பி.ஆர்., 8 பி.ஆர். என்றும் எழுதியிருக்கும். இது டயரின் உடல் வலிமையைக் காட்டும் குறி. எண் கூடினால் அதிகக் காற்றும் அதிகப் பாரமும் தாங்கும்.

பெரிய டயர் என்றால் பலமான டயரா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே அளவில் கார் டயரும் உண்டு, சுமை வண்டி டயரும் உண்டு. சுமை வண்டி டயரில் எல்.டி. என்ற எழுத்துகளோ, அளவுக்குப் பின்னால் சி என்ற எழுத்தோ இருக்கும். பழைய ஜீப், கார்களிலிருந்து கழற்றிய அகலமான டயர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பார்ப்பதற்குக் கொழுத்துத் தெரியும். ஆனால் சுமை வண்டி டயர் தாங்குகிற காற்றை அவை தாங்குவதில்லை. ஆகவே அந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை.

உண்மையில் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல. உள்ளே அடைத்திருக்கும் காற்றுதான். ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் பை. பை பெரிதாக இருந்து, அதில் அடைக்கக்கூடிய காற்று குறைவாக இருந்தால், பாரம் ஏறியதும் பக்கவாட்டு மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு பிறக்கும். சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் அந்தச் சூடே டயரை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே டயரின் அளவைக் கேட்பதற்கு முன் அதன் பாரக் குறியீட்டைக் கேட்க வேண்டும். வண்டியில் முதலில் வந்த டயரின் பாரக் குறியீட்டுக்கும் பி.ஆர். எண்ணுக்கும் குறைந்த டயரை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

இழுவை குறையும், பிரேக் குறையும்

சக்கரம் உயர உயர, அதைச் சுழற்ற எஞ்சின் அதிகம் சிரமப்பட வேண்டும். ஏற்றக்கோலை நீளமாக்கினால் இழுப்பவருக்கு என்ன ஆகிறதோ அதுவேதான் இது. டயர் 4 சதவிகிதம் உயர்ந்தால், தரையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 4 சதவிகிதம் குறையும்.

குட்டி யானை வண்டிக்கு இது இன்னும் முக்கியம். முதலில் வந்த டாடா ஏஸ் வண்டியின் எஞ்சின் 16 குதிரைத் திறன் கொண்டது. அதன் டயர் அளவு 145 ஆர் 12. சிலர் 12 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 13 அங்குல ரிம்மும் 155 ஆர் 13 டயரும் போட ஆசைப்படுகிறார்கள். இதனால் சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய 7 சதவிகிதம் கூடுகிறது. சமதரையில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் வெண்ணாறு, குடமுருட்டிக் கரைகளில் நெல்லோடு ஏறும்போதும், களத்திலிருந்து மேட்டுச் சாலைக்கு ஏற்றும்போதும் வண்டி முக்கும். ஓட்டுபவர் கிளட்சைப் பாதி மிதித்தபடி ஏற்றுவார். கிளட்ச் பிளேட் கருகிவிடும். டயரில் செய்த செலவுக்கு மேல் கிளட்சில் ஒரு செலவு வந்து சேரும்.

பிரேக்குக்கும் இதே கணக்குத்தான். பிரேக் டிரம் பழைய அளவிலேயே இருக்கிறது. சக்கரம் மட்டும் வளர்ந்திருக்கிறது. அதே வண்டியை நிறுத்த மிதியை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டும். ஈரச் சாலையில், பாரத்தோடு, பள்ளிப் பிள்ளைகள் போகும் நேரத்தில் இந்த 7 சதவிகிதம் சிறிய எண் அல்ல.

வேகமானியும் பொய் சொல்லும். 215/75 டயருக்குப் பதில் 235/75 போட்டால், முள் 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 52 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கிலோமீட்டர் கணக்கும் குறைத்தே காட்டும். மீட்டரில் 10,000 என்று வரும்போது வண்டி ஏறக்குறைய 10,400 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஆயில் மாற்ற வேண்டிய கெடு தவறும்.

இவ்வளவையும் கொடுத்து என்ன கிடைக்கிறது? டயரின் உயரம் 30 மி.மீ. கூடினால் வண்டியின் அடிவயிறு உயர்வது அதில் பாதிதான், 15 மி.மீ. ஒரு விரல் கனம். முழங்கால் ஆழச் சேற்றுக்கு ஒரு விரல் கனம் உதவாது.

வண்டி ஏன் புதைகிறது?

சம்பா, தாளடி அறுவடையில் டயர் வகை அறுவடை இயந்திரம் இறங்க முடியாத சேற்று வயலில் பெல்ட் வகை இயந்திரம் நடந்து போவதைப் பார்க்கிறோம். இரண்டும் கனமான இயந்திரங்களே. பெல்ட் தன் பாரத்தை நீளமாகப் பரப்பி வைக்கிறது. டயர் ஓரிடத்தில் குவித்து வைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டயர் தரையில் எவ்வளவு இடத்தில் பதியும் என்பதைப் பெரும்பாலும் காற்றழுத்தமே தீர்மானிக்கிறது. ஒரு பின் சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் இருக்கிறது. காற்று 50 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 50 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை கிலோ. 500ஐ மூன்றரையால் வகுத்தால் ஏறக்குறைய 143 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு ஒரு கையை விரித்து வைத்த பரப்புதான் இது. இந்தச் சிறு இடத்தில்தான் 500 கிலோவும் நிற்கிறது. பெரிய டயரைப் போட்டு அதிலும் 50 பவுண்டு காற்று அடித்தால், பதியும் இடத்தின் வடிவம் சற்று மாறும். பரப்பு அதிகம் மாறாது. ஆகவே ஊறிய களிமண்ணில் பெரிய டயரும் ஏறக்குறைய அப்படியே புதையும்.

டிராக்டரின் பின் டயர் வயலில் வேலை செய்யும்போது அதில் உள்ள காற்று ஏறக்குறைய 12 முதல் 16 பவுண்டுதான். அதனால்தான் அவ்வளவு கனமான டிராக்டர், பிக்கப் புதைகிற இடத்தில் புதையாமல் போகிறது. அப்படியானால் பிக்கப் டயரிலும் காற்றைக் குறைத்துவிடலாமா என்று கேட்கலாம். பாரம் ஏற்றிய வண்டியில் அப்படிச் செய்வது ஆபத்து. முன்பே சொன்னபடி பாரத்தைத் தாங்குவது காற்று. காற்றைக் குறைத்தால் டயர் மடங்கி, சூடேறி, நூல் அறுந்துவிடும். வெற்று வண்டி புதைந்துவிட்டால் மட்டும், மெதுவாக வெளியே எடுப்பதற்காகச் சற்றுக் காற்றை இறக்கலாம். தார்ச் சாலைக்கு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும். காற்று அடிக்கும் வசதி பக்கத்தில் இல்லாவிட்டால் அதையும் செய்யக் கூடாது.

மூட்டைக் கணக்கு

புதைவதற்கு இன்னொரு காரணம் ஏற்றுகிற பாரம். முதலில் வந்த குட்டி யானை வண்டியில் ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமை ஏறக்குறைய முக்கால் டன். 60 கிலோ மூட்டையாக இருந்தால் 12 மூட்டை. 40 கிலோ சிப்பமாக இருந்தால் 18 சிப்பம். ஆனால் அறுவடை அவசரத்தில் 25 மூட்டை வரை ஏற்றுகிறார்கள். 25 மூட்டை என்றால் 1,500 கிலோ; அனுமதித்ததைப் போல இரு மடங்கு.

பெரிய டயர் போட்டுவிட்டதால் அதிக மூட்டை ஏற்றலாம் என்று நினைப்பது மிகப் பெரிய தவறு. டயர் தாங்கினாலும் அச்சு தாங்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் தாங்க வேண்டும். சக்கரத்தின் பேரிங் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிரேக் பிடிக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் கனமாக்கினால் சங்கிலி பலப்படாது.

தங்கள் வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அறிய எளிய வழி உண்டு. ஆர்.சி. சான்றில் வண்டியின் வெற்று எடையும், பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் வருவதே ஏற்றக்கூடிய சுமை. வண்டியில் ஏறும் ஆட்களின் எடையும் இதில் அடக்கம் என்று வைத்துக்கொள்வது பத்திரமானது. இந்த எண்ணை 60ஆல் வகுத்து, எத்தனை மூட்டை என்று கதவின் உட்புறத்தில் எழுதி வைத்துவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவின்படி, வண்டியைத் தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் விதமாக உரிமையாளர் வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டபோது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று சேர்க்கப்பட்டது. அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் பாரத்தில் டன்னுக்கு 2,000 ரூபாய். ஒரு நடையில் மிச்சம் பிடிக்க நினைத்த வாடகையைப் போலப் பல மடங்கு போய்விடும்.

விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போதும் தகராறு வரும். வண்டியில் இருக்க வேண்டிய டயர் வேறு, இருந்த டயர் வேறு என்றால் பதில் சொல்வது கடினம்.

எப்போது அளவை மாற்றலாம்?

பெரிய டயரே கூடாது என்பதல்ல. கீழ்க்கண்டவை எல்லாம் ஒத்து வந்தால் மாற்றலாம்.

முதலாவதாக, வண்டியோடு வந்த கையேட்டில் அல்லது ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் அந்த அளவு குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சில வண்டிகளுக்குக் கம்பெனியே இரண்டு அளவுகளை அனுமதித்திருக்கும்.

இரண்டாவதாக, உயர வித்தியாசம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். உதாரணமாக, 195/80 ஆர் 15 டயரின் உயரம் 693 மி.மீ.; 215/75 ஆர் 15 டயரின் உயரம் 703 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை சதவிகிதம்தான். இத்தகைய மாற்றத்தால் இழுவையோ பிரேக்கோ பெரிதாகப் பாதிக்கப்படாது. ஆனாலும் முதல் நிபந்தனை இதற்கும் பொருந்தும்.

மூன்றாவதாக, ரிம்மின் அகலம் புதிய டயருக்குப் பொருந்த வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி மட்டும் உப்பி, அங்கேயே தேயும்.

நான்காவதாக, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்க்கும்போது டயர் எங்கும் உரசக் கூடாது. இதை வெற்று வண்டியில் பார்த்தால் போதாது. பாரம் ஏற்றி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே கை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். களிமண் அப்பிய டயர் இன்னும் பருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, நான்கு டயர்களும் ஸ்டெப்னியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பின்னால் மட்டும் பெரிது, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு என்றால், பஞ்சர் ஆன அன்று ஒரே அச்சில் இரண்டு உயரச் சக்கரங்கள் ஓடும். பின் அச்சின் பல்சக்கரங்கள் கெட்டுப் போகும்.

அளவை விட்டு, பட்டனைப் பாருங்கள்

சேற்றுக்கு உண்மையில் உதவுவது டயரின் பருமன் அல்ல, அதன் பட்டன். பட்டன் ஆழமாகவும் இடைவெளி அகலமாகவும் இருந்தால், அப்பிய களிமண் சுழற்சியில் தானே உதிர்ந்து, அடுத்த சுற்றில் மறுபடி பிடிக்கும். இடைவெளி நெருக்கமாக இருந்தால் களிமண் அடைத்துக்கொண்டு மொட்டை டயர் போலச் சுழலும். கம்பெனி குறித்த அதே அளவில் இரண்டு வகைப் பட்டனும் கிடைக்கும்போது, வண்டல் களிமண் உள்ள பழைய டெல்டாப் பகுதியில் ஆழமான பட்டனே உகந்தது.

பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரமே உந்துகிறது. ஆகவே பின்னால் பட்டன் வகையும், முன்னால் நீளக் கோடு போட்ட வகையும் போடலாம். முன்னால் கோடு இருந்தால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். ஆனால் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் என்று போடவே கூடாது.

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் மண் பல இடங்களில் மணற்பாங்கானது. அங்கே ஆழமான பட்டன் மணலைத் தோண்டிக் குழி பறித்துவிடும். சாதாரணப் பட்டனே போதும். சாலை ஓட்டம் அதிகம் உள்ளவர்களும் ஆழப் பட்டனைத் தவிர்க்கலாம். அது தார்ச் சாலையில் சீக்கிரம் தேயும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. கடையில் வெகு நாள் கிடந்த டயரை வாங்க வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில் வாங்காமல் வரக் கூடாது.

பழைய டயர் வாங்கியே ஆக வேண்டிய நிலை இருந்தால், உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நூல் தெரிந்தாலோ, ஒட்டுப் போட்டிருந்தாலோ, பக்கவாட்டில் புடைப்போ வெடிப்போ இருந்தாலோ தொடவே கூடாது. ரீட்ரெடிங் செய்த டயரை முன் சக்கரத்தில் போடக் கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

டயரை எப்போது மாற்றுவது என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. நான்கு சக்கர வண்டிக்குப் பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பட்டன் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

பருவத்துக்கு மட்டும் ஓடும் வண்டி

விவசாயியின் வண்டி பருவத்தில் ஓடும்; மற்ற நாட்களில் வெயிலில் நிற்கும். இத்தகைய வண்டியின் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது. பட்டன் புதிதாக இருக்கும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டனை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. கோடையில் வண்டியை நிழலில் நிறுத்தி, காற்றைக் குறையாமல் வைத்து, பத்து நாளைக்கு ஒரு முறை சற்று நகர்த்தி வைத்தால் டயர் ஓரிடத்தில் தட்டையாகாது.

அறுவடை நாட்களில் தினமும் காலையில், டயர் சூடேறுவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். சேற்றில் ஓடிய வண்டியின் சக்கரத்தைக் கழுவி, ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து ஒட்டிய மண்ணால் ஸ்டியரிங் உதறும். டயரும் திட்டுத் திட்டாகத் தேயும்.

நடைமுறைக்கு உகந்த வழி

மழை பெய்த பிறகு வயலிலிருந்து சாலை வரை நெல்லை டிராக்டர் டிரெய்லரில் கொண்டுவந்து, பிக்கப் வண்டியைத் தார்ச் சாலையிலோ கப்பிச் சாலையிலோ நிறுத்தி ஏற்றிக்கொள்வதே சிக்கனமானது. அக்கம்பக்கத்து நான்கு பேர் சேர்ந்து ஒரு டிராக்டரை அமர்த்தினால் செலவு பகிர்ந்துவிடும். வாய்க்கால் கரையில் பாரவண்டி இறங்கினால் புதைவது வண்டி மட்டுமல்ல. கரையும் உடைந்து, கடைமடைக்குப் போகிற தண்ணீர் வழியில் நிற்கும்.

வண்டியில் எப்போதும் ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை, நல்ல கயிறு, ஜாக்கி இருக்கட்டும். சக்கரம் சுழன்றுகொண்டே புதையத் தொடங்கினால், ஆக்சிலேட்டரை மேலும் அழுத்தக் கூடாது. அழுத்த அழுத்த அது தன் குழியைத் தானே தோண்டும். உடனே நிறுத்தி, பாதி மூட்டையை இறக்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் உள்ள சேற்றை அள்ளிவிட்டு, பலகையோ தென்னை மட்டையோ கொடுத்து, மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும்.

குறித்த அளவில், குறித்த பாரக் குறியீட்டில், மண்ணுக்கேற்ற பட்டன் உள்ள டயர், சரியான காற்று, ஆர்.சி. சான்று அனுமதிக்கிற மூட்டை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய அளவு டயரே பல ஆண்டு உழைக்கும். பெரிய டயருக்கும், அதற்கேற்ற ரிம்முக்கும், பிறகு கிளட்சுக்கும் போகிற பணத்தில் ஐப்பசி மழைக்கு இரண்டு நல்ல தார்ப்பாய் வாங்கி வைத்துக்கொள்ளலாம். களத்து நெல்லை நனையாமல் காப்பது அதுதான்.